மறையும், தீராது

நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம்.
ஐந்தாம் பம்பில் ஒரு டாக்ஸி.
தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நான்,
கல்லாவுக்குக் கீழே கைபேசி.
கடவுச்சொல் இரண்டு தரம் பிழைத்தது.

அங்கே அது இல்லை.

மேலே தள்ளினேன், கீழே இழுத்தேன்.
தண்ணீர்க் கட்டணம், பிந்தாமல் கட்டியது.
கைபேசிக் கட்டணம், அதுவும்.
நடுவில் சிவந்து கிடந்த ஒற்றை வரி மட்டும் போய்விட்டது.
வருடக்கணக்காய்ச் சொட்டிய குழாய்
ஓர் இரவு நின்றால்
தூக்கம் கலையுமே, அப்படி
விழித்துக்கொண்டு நிற்கிறேன்.

முந்தாநாள் ஆறு வருடம் நிறைந்தது.
நேற்றும் பார்த்தேன், இருந்தது.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு பவுண்ஸ்:
ஃபோல்ஸ்ஹில் ரோட்டுக் கடையில்
மூன்று குளிர்ப்பெட்டிகள் குடித்த மின்சாரம்.
ஒன்றில் எப்போதும் பால் திரைந்தது.
நாங்கள் ஷட்டரை இறக்கிய பிறகு
கடிதத் துவாரத்தால் விழுந்திருக்கிறது அழைப்பாணை.
பீட்சா விளம்பரங்களோடு தரையில் கிடந்து
எனக்காக அதுவே வழக்குக்குப் போய்
அதுவே தோற்றது.

தீர்ப்பு நோர்தாம்ப்டனிலிருந்து.
நீதவானை நான் கண்டதில்லை;
அங்கே ஆள் இருந்ததா, உறை மடிக்கும் இயந்திரம்தானா,
அதுவும் தெரியாது.
லண்டனுக்கு மலிவு ரயிலில் போனால்
அந்த ஸ்டேஷனில் பத்து நிமிடம் நிறுத்துவார்கள்.
தெரிந்தவர் வீட்டைத் தாண்டுவதுபோல்
தலை குனிந்துகொள்வேன்.

வீட்டு ஏஜென்சிப் பையன்
திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட விதம்.
‘ஆறு மாத வாடகை முன்கூட்டியே தர இயலுமா?’
யதுர்சிகா பெரியவளானதும்
ஜீசீஎஸ்ஈ எழுதியதும்
ஒரே அறையில், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம்.

மாதம் இருபதாய்க் கட்டத்தான் தொடங்கினேன்.
பிறகு மின்சாரக் கொம்பனி கடனை விற்றது.
வாங்கியவன் வேறொருவனுக்கு விற்றான்.
என்னால் விற்க முடியாத கடையிலிருந்து
கடன் மட்டும் இரண்டு தரம் விலைபோனது.
பிறகு கடிதமே இல்லை.
ஆலோசனை நிலையத்துப் பெண்ணிடம் கேட்டேன்.
பதிவு மறையும், கடன் தீராது என்றாள்.
இரண்டு வினைச்சொல்.
அவற்றுக்கு நடுவில்தான்
இத்தனை நாள் குடியிருந்தேன்.

மகிழத்தான் வேண்டும். மகிழ்ச்சிதான்.
ஆனாலும்
அந்த வரியில் என் பெயருக்குப் பின்னால்
கடையின் பெயர் இருந்தது.
‘கேசவன் ஃபுட்ஸ்’, எழுத்துப்பிழையோடு.
பலகையைக் கழற்றிவிட்டார்கள்; அங்கே இப்போது நகப்பூச்சு.
கேசவன் கனடாவில், வேறு வீட்டில்.
எங்களுக்கு அப்படி ஒன்று இருந்ததென்று
இந்த நாட்டில் கடைசியாக நினைவில் வைத்திருந்தது
அந்தத் தீர்ப்புத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது.

பத்மலோஜினி அக்காவின் சீட்டு.
நாலாம் மாதமே கழிவுக்குக் கேட்டு எடுத்து
குளிர்ப்பெட்டி வாங்கினேன்.
பதினோராம் மாதத்தோடு நிறுத்தினேன்.
மிச்சப் பேருக்குத் தன் காப்பை வைத்துக் கொடுத்தா
என்று பிறகு ஆரோ சொன்னார்கள்.
கோர்ட்டுக்குப் போகவில்லை. கோயிலிலும் கதைக்கவில்லை.
வியாழக்கிழமைகளில் இங்கே வருவா,
சரியாக இருபது பவுண்ஸுக்கு அடிப்பா,
கண்ணாடிக்கு வெளியே நின்று
‘பிள்ளை எப்படி?’ என்பா.
வெறுங்கையால் கார்டை நீட்டுவா.

அவவின் கொப்பியில் ஆறு வருடக் கணக்கு இல்லை.
எந்தக் கைபேசியிலும் அதைத் திறந்து பார்க்க முடியாது.
இன்று புதன் முடிந்துவிட்டது.
ஏழு நிமிடமாய் வியாழன்.

டாக்ஸிக்காரர் கண்ணாடியைத் தட்டுகிறார்.
ஐந்தாம் பம்ப்.
காசை எடுத்துக்கொண்டு
ரசீது வேண்டுமா என்று கேட்கிறேன்.